திருவல்லிக்கேணி ஆய்வேட்டுக் கடை: கட்டு உறுதி, வரிசைதான் கோணல்

முனைவர் பட்ட ஆய்வேட்டை எங்கே கொடுத்து அச்சிட்டுக் கட்டலாம் என்று எங்கள் கல்லூரியின் இளைய ஆய்வாளர்கள் என்னைக் கேட்பது வழக்கமாகிவிட்டது. தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதிவைக்கிறேன். வேலையின் தரத்துக்கு ஐந்தில் நாலரை. விலைக்கு நாலு. வாடிக்கையாளரை நடத்தும் முறைக்கு நான் மூன்று கொடுக்கிறேன். அதே வாரம் அதே கடையில் ஆய்வேடு கட்டிய ஆண் நண்பர் ஒருவரைக் கேட்டால் ஐந்தே கொடுப்பார். இருவரும் பொய் சொல்லவில்லை.

கடை, சேப்பாக்கம் பறக்கும் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில், திருவல்லிக்கேணியின் ஒரு சந்துக்குள் இருக்கிறது. குறைகளையும் சொல்லப்போவதால் பெயரை எழுதவில்லை. நேரில் கேட்பவர்களுக்கு வழி சொல்கிறேன். முன்புறம் ஜெராக்ஸ் இயந்திரங்கள், அவற்றுக்குப் பின்னால் டைப்செட்டிங் கணினிகள், மரப்படி ஏறினால் பரணில் பைண்டிங் வேலை. சுவரோரம் ஒரு நீள பெஞ்சு. அந்த பெஞ்சைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

முதலில் வேலை. என் ஆய்வு விழுப்புரம் பக்கத்து ஏரிகளில் வளரும் கோரைகளைப் பற்றியது. கோரையையும் புல் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். புல்லின் தண்டு உருளை. கோரையின் தண்டு பெரும்பாலும் முக்கோணம். விரலிடையில் உருட்டினாலே தெரிந்துவிடும். ஒரு கோரை இனத்தை இன்னொன்றிலிருந்து பிரிப்பதுதான் சிரமம். சில இடங்களில் கடுகைவிடச் சிறிய கொட்டையின் மேற்பரப்பைப் பார்த்துத்தான் முடிவுக்கு வர முடியும். ஆகவே என் ஆய்வேட்டில் கோட்டோவியங்களும் நுண்ணோக்கிப் படங்களும் ஏராளம். எங்கள் ஊரில் சோதனைக்காக அச்சிட்ட பக்கங்களில் மெல்லிய கோடுகள் பாதி காணாமல் போயிருந்தன, பச்சை எல்லாம் பாசி நிறத்தில் வந்திருந்தது. இங்கே கோடு கோடாக வந்தது. படங்களைப் பக்கத்துக்குள் அடைக்க இழுத்து நீட்டவில்லை, அளவுகோல் குறி இடம் மாறவில்லை. கட்டுவதற்காக இடப்பக்கம் ஒன்றரை அங்குலம் விடவேண்டும் என்பதை நான் சொல்வதற்கு முன்பே அவர்கள் சொன்னார்கள். 100 ஜிஎஸ்எம் தாள், நூல் தைத்த கட்டு, ராக்சின் அட்டை, முதுகில் பொன்னெழுத்து. பிரதியை நடுவில் விரித்து மேசையில் வைத்தால் மூடிக்கொள்ளாமல் அப்படியே கிடக்கிறது. ஆய்வேடு கட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இந்தத் தரத்துக்குக் காரணம் உரிமையாளர் மட்டுமல்லர். டைப்செட்டிங் பார்க்கும் ஒரு அக்கா இருக்கிறார். வணிகவியலில் எம்.ஃபில். முடித்தவர். பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் கொண்டுவந்த விதிகளோடு எம்.ஃபில். என்ற பட்டமே நிறுத்தப்பட்டதைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "நான் படித்ததைப் படிப்பே இல்லை என்று ஆக்கிவிட்டார்கள், பாருங்கள்" என்று சிரித்தார். எத்தனை துறைகளின் ஆய்வேடுகள் அவர் கைவழியே போயிருக்கும் என்று கணக்கே இல்லை. என் இயல் ஒன்றில் ஓர் அட்டவணையின் கூட்டுத்தொகை கீழே உரையில் சொன்னதோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்துவிட்டுத்தான் அடுத்த பக்கத்துக்குப் போனார். அது அவர் வேலையே அல்ல.

அவர் முதலில் கேட்ட கேள்வியிலேயே எனக்கு மதிப்பு வந்துவிட்டது. "அப்பா இனிஷியலா, வீட்டுக்காரர் இனிஷியலா?" பெண் ஆய்வாளர்களுக்கு இது விளையாட்டுக் கேள்வி அல்ல. பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் எழுத்து. திருமணத்துக்குப் பிறகு மாற்றிய ஆதாரில் கணவரின் எழுத்து. ஆய்வுக் கட்டுரைகளில் சிலவற்றில் இது, சிலவற்றில் அது. பதிவு ஆணையில் எது இருக்கிறதோ அதுதான் ஆய்வேட்டின் முகப்பிலும் முதுகிலும் வரவேண்டும். பொன்னெழுத்து அடித்த பிறகு தெரியவந்தால் அட்டை முழுவதும் வீண். அக்கா பதிவு ஆணையின் நகலை வாங்கிப் பார்க்காமல் முகப்புப் பக்கத்தைத் தொடுவதில்லை. ஆண்களிடம் இதைக் கேட்க வேண்டிய தேவையே வந்ததில்லையாம். ஒரு மனிதர் ஒரே எழுத்தோடு பிறந்து அதே எழுத்தோடு முனைவர் ஆகிவிடுகிறார், எவ்வளவு மிச்சம்!

இனி குறைகள்.

முதல் நாள் கோப்பையும் பென்டிரைவையும் நீட்டியதும் உரிமையாளர், "சாருடைய தீசிஸா மேடம்?" என்றார். என்னுடையது என்றேன். "அப்படியா, நல்லது, நல்லது" என்றார், குழந்தையைப் பாராட்டும் குரலில். வெறுப்பில்லாத மனிதர் அவர். என் தலைப்பைப் படித்துவிட்டு, "செடி, கொடியா, லேடீஸுக்கு ஏற்ற சப்ஜெக்ட்" என்று சேர்த்துக்கொண்டார். எங்கள் கல்லூரியில் தாவரவியல் வகுப்பு முழுக்கப் பெண் பிள்ளைகள்தாம். சேர்க்கை நாளில் பெற்றோரும் இதையேதான் சொல்கிறார்கள். ஆனால் கோரை பூந்தொட்டியில் வளர்வதில்லை. முழங்கால் சேற்றில் இறங்கி வேரோடு பிடுங்கி, அழுத்துப் பலகையில் வைத்து, சொட்டச் சொட்டப் பஸ்ஸில் கொண்டுவர வேண்டும். நோட்டும் பேனாவுமாக ஏரிக்கரையில் நின்றால், நூறு நாள் வேலைக்குப் பெயர் எழுத வந்திருப்பதாக நினைத்துப் பெண்கள் அட்டையை எடுத்துக்கொண்டு வருவார்கள். ஆராய்ச்சி என்றால், "கூட வந்த சார் எங்கே?" என்று கேட்பார்கள். ஆகவே கடைக்காரரை மட்டும் கோபித்துப் பயனில்லை. ஆனாலும் கோபம் வந்தது.

இதைவிட மோசமானது வேறொரு கடையில் நடந்தது. விலை விசாரிக்கப் போன இடத்தில், குரலைத் தாழ்த்தி, "எழுதியும் தரவேண்டுமா மேடம்? நிறைய லேடீஸ் ஸ்டாஃப் வாங்கிக்கொள்கிறார்கள்" என்றார்கள். நான் மதிப்பிடும் கடையில் அந்த வியாபாரம் கிடையாது. கேட்டு வந்த ஒருவரை உரிமையாளர் திருப்பி அனுப்பியதை நானே பார்த்தேன். வந்தவர் ஆண்.

சான்றிதழ்ப் பக்கத்தில் ஒரு தவறு நடந்தது. நெறியாளர் கையெழுத்திடும் பக்கத்துக்கு அவர்களிடம் ஆயத்த மாதிரி ஒன்று இருக்கிறது. பெயர், தலைப்பு, பதிவு எண் மட்டும் மாற்றுவார்கள். என் பெயருக்கு முன்னால் "திரு." அப்படியே நின்றுவிட்டது. அன்று அக்கா விடுப்பு. ஓர் இளைஞர் அமைத்த பக்கம் அது. கையெழுத்துக்கு எடுத்துப்போவதற்கு முன்பே பார்த்துவிட்டேன், பணம் வாங்காமல் மாற்றிக் கொடுத்தார்கள். மாதிரியிலேயே "திரு.", "திருமதி" இரண்டையும் வைத்து வேண்டாததை அடித்துவிடலாமே என்றதற்கு, "பெரும்பாலும் சார்தானே மேடம் வருகிறார்கள்" என்றார் இளைஞர். அவர் அதைச் சொன்னபோது பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் பெண்கள்.

கணக்கும் அவர் சொன்னதற்கு எதிராகத்தான் இருக்கிறது. அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2014-15-இல் முனைவர் பட்டப் படிப்பில் இருந்த பெண்கள் சுமார் 0.48 இலட்சம். 2021-22-இல் 0.99 இலட்சம், அதாவது இருமடங்கு. மொத்தம் 2.1 இலட்சத்துச் சொச்சத்தில் ஏறக்குறைய பாதி. ஒரு கடைக்குப் பாதி வாடிக்கையாளர்கள் பெண்களாக இருக்கும்போது மாதிரிப் பக்கம் இன்னும் "திரு."வில் நிற்பது வியாபாரத்துக்கும் நல்லதல்ல.

இப்போது அந்த பெஞ்சு. கடையில் வேலை வாங்கும் முறை எழுதப்படாதது: கணினிக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவர் வேலை நகரும். பகலில் ஜெராக்ஸ் கூட்டம். இயந்திரமும் ஆளும் அதற்கே போய்விடும். இரவு எட்டு மணிக்கு மேல்தான் ஆய்வேட்டு வேலை உண்மையில் தொடங்குகிறது. ஆண்கள் சட்டையை மாற்றிக்கொண்டு, புரோட்டா பொட்டலத்தோடு வந்து உட்காருகிறார்கள். கடைசித் தேதி நெருங்கும்போது காகிதக் கட்டுகளுக்கு நடுவில் செய்தித்தாளை விரித்து அங்கேயே படுத்துக்கொள்கிறார்கள். விடியும்போது அவர்களுடைய இயல்கள் முடிந்திருக்கும். பெண்களோ ஆறரை மணியிலிருந்தே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். ஒருவருக்கு விடுதியில் கதவு மூடும் நேரம், ஒருவருக்கு வேலூர் ரயில், எனக்கு விழுப்புரம் பஸ். காலையில் வந்து பார்த்தால், முந்தைய மாலை விட்ட பக்கத்திலேயே நம் வேலை நிற்கும். யாரும் நம்மைத் தள்ளிவைக்கவில்லை. இரவு யார் இருந்தாரோ அவர் வேலை நடந்திருக்கிறது, அவ்வளவுதான். என்னோடு காத்திருந்த வேதியியல் ஆய்வாளர் ஒருவர் இதற்காகவே தம்பியைக் கூட்டிவந்து இரவு முழுவதும் உட்காரவைத்தார். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பையன். நிறமாலை வரைபடங்களின் வரிசையைச் சரிபார்க்க வேண்டிய இடத்தில் கைப்பேசியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். இரண்டு வரைபடங்கள் தலைகீழாகப் போயின.

பெண்கள் விடுதிக் கதவைப் பற்றி ஒரு வார்த்தை. பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண்களுக்கு இல்லாத கட்டுப்பாட்டைப் பெண்கள் விடுதிகளில் விதிக்கக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015-ஆம் ஆண்டுப் பாலியல் துன்புறுத்தல் தடுப்பு விதிகளே சொல்கின்றன. முப்பது வயதைக் கடந்த ஆய்வு மாணவி ஒருவர், கடையிலிருந்து விடுதிக் காப்பாளருக்குத் தொலைபேசியில் "இன்னும் பத்தே நிமிடம், மேடம்" என்று கெஞ்சியதை நான் கேட்டேன். எந்த விடுதி என்று நான் கேட்கவில்லை.

இந்த பெஞ்சு முறையைப் பற்றி உரிமையாளரிடம் நேராகவே சொன்னேன். கேட்டுக்கொண்டார். "நீங்கள் சொல்வது சரிதான், யோசித்ததே இல்லை" என்றார். அடுத்த முறை போனபோது அக்காவின் மேசையில் வரிசை நோட்டு ஒன்று இருந்தது. வந்த தேதி, பக்கங்கள், முடிக்கவேண்டிய நாள். சில வாரங்கள் நன்றாகவே நடந்தது. ஒரு பல்கலைக்கழகத்தின் கடைசித் தேதி வந்ததும் நோட்டு ஜெராக்ஸ் இயந்திரத்துக்கு அடியில் போய்விட்டது, மறுபடியும் பெஞ்சுதான் ஆட்சி. மூன்று கொடுத்ததன் முக்கியக் காரணம் இதுதான். நோட்டை மேசைக்குக் கொண்டுவந்தால் நாலாக்குகிறேன்.

கடையில் கழிப்பறை இல்லை. ஆண்களுக்கும் இல்லைதான், ஆனால் அவர்களுக்குச் சந்தின் முனை இருக்கிறது. நாம் அருகிலுள்ள ஓட்டலில் வேண்டாத காபி ஒன்றைக் குடிக்க வேண்டும். அந்தக் காபிச் செலவையும் பைண்டிங் செலவோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

காத்திருந்த நேரத்தில் நான் செய்தது, அலமாரியில் மாதிரிக்கு வைத்திருக்கும் பழைய ஆய்வேடுகளை எடுத்து நன்றியுரைகளைப் படித்தது. அட்டை நிறம் பார்க்க வைத்திருக்கிறார்கள். உள்ளே திறப்பவர்கள் குறைவு. ஆண்கள் மனைவியின் பொறுமைக்கு நன்றி சொல்கிறார்கள். குழந்தைகளோடு செலவிட முடியாத நேரத்துக்கு வருந்துகிறார்கள். பெண்கள் நன்றி சொல்வது, படிக்க அனுமதித்ததற்கு. அப்பா அனுமதித்தார், கணவர் அனுமதித்தார், மாமனார் மாமியார் அனுமதித்தார்கள். அக்காவின் கணினியில் இதற்கே இரண்டு கோப்புகள் இருக்கின்றன: "நன்றியுரை ஆண்", "நன்றியுரை பெண்". பெண் கோப்பில் மாமியாருக்கு ஒரு முழுப் பத்தி ஆயத்தமாக இருக்கிறது; பெயரை நிரப்பினால் போதும்.

எனக்குச் சுருக்கென்றது. ஏன் இப்படி என்று கேட்டேன். அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "மாமியாரை விட்டுவிட்டு அச்சடித்துக்கொண்டு போகிறார்கள். வீட்டில் யாரோ படித்துப் பார்க்கிறார்கள். மறுநாள் காலையில் வந்து, கட்டைப் பிரித்து அந்தப் பக்கத்தை மாற்றித் தரச் சொல்லி நிற்கிறார்கள். பிரித்துக் கட்டினால் முதுகு தளர்ந்துவிடும். அதனால்தான் முன்பே சேர்த்துவைத்தேன்." ஆண்கள் யாராவது மாமியாருக்காகக் கட்டைப் பிரித்ததுண்டா? "ஒருவர் நெறியாளரின் பெயரை விட்டுவிட்டுப் பிரித்தார். அது வேறு பயம்."

இதற்குப் பிறகு அந்தக் கோப்பைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. என் நன்றியுரையை நானே எழுதிக் கொண்டுபோயிருந்தேன். மாமியார் அதிலும் இருக்கிறார். எட்டு ஆண்டு பகுதிநேர ஆய்வில் சனிக்கிழமை தோறும் என் வீட்டு அடுப்பைப் பார்த்தவர் அவர், யாரும் சொல்லி எழுதியதல்ல. ஈரக் கோரைக் கட்டோடு என்னை ஏற்றிக்கொண்ட நடத்துநர்களும் இருக்கிறார்கள். "அனுமதி" மட்டும் இல்லை.

எட்டு ஆண்டு என்றதும் புருவம் உயர்த்துபவர்களுக்கு: 2022 விதிகளுக்கு முன் நடப்பில் இருந்த மானியக் குழுவின் 2016-ஆம் ஆண்டு விதிகளில் முனைவர் பட்டத்துக்கு அதிகபட்சம் ஆறு ஆண்டு, பெண்களுக்கு மேலும் இரண்டு ஆண்டு தரலாம் என்று இருந்தது. மகப்பேறு அல்லது குழந்தைப் பராமரிப்புக்காக ஆய்வுக் காலத்தில் ஒரு முறை 240 நாள் வரை விடுப்பும் இருந்தது. நல்ல விதிகள், எனக்குப் பயன்பட்டவை. அதே விதிகளில், திருமணத்தாலோ வேறு காரணத்தாலோ பெண் ஆய்வாளர் இடம்பெயர்ந்தால் ஆய்வுத் தரவுகளைப் புதிய நிறுவனத்துக்கு எடுத்துப்போகலாம் என்ற பிரிவும் இருந்தது. பெண்ணுக்கு மட்டும்தான். மனைவிக்கு வேலை கிடைத்த ஊருக்கு ஓர் ஆண் ஆய்வாளர் மூட்டை கட்டுவார் என்று விதி எழுதியவர்களுக்குத் தோன்றவே இல்லை. காலநீட்டிப்பு பெற்றவர்கள் அந்த ஆணையின் நகலையும் கடைக்கு எடுத்துப்போங்கள். சில பல்கலைக்கழகங்கள் அதை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் கேட்கின்றன, அக்காவுக்கு எது கேட்கும் எது கேட்காது என்று அத்துபடி.

பிரதிகளை வாங்கும் நாளில் உரிமையாளர், "நம் கடைக் கட்டு மேடம், பட்டம் உறுதி" என்றார். எல்லோரிடமும் சொல்வதுதான். நான் அன்னா மணியின் கதையைச் சொன்னேன். கடற்கரைப் பக்கம் நாலெட்டு நடந்தால் வரும் மாநிலக் கல்லூரியில் 1939-இல் இயற்பியலும் வேதியியலும் படித்து ஆனர்ஸ் முடித்தவர். பெங்களூரில் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் வைரமும் மாணிக்கமும் ஒளியை எப்படி உமிழ்கின்றன என்று ஆராய்ந்து ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். 1945-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வேட்டை அளித்தார். எம்.எஸ்ஸி. இல்லை என்று சொல்லி முனைவர் பட்டம் தரவில்லை. பிறகு அவர் வானிலைத் துறையில் கருவிகளைச் செய்து, துணைத் தலைமை இயக்குநர் வரை உயர்ந்தார். பட்டம் பெறாத அந்த ஆய்வேடு பெங்களூரில் ராமன் ஆராய்ச்சி நிறுவன நூலகத்தில், மற்ற ஆய்வேடுகளோடு வைக்கப்பட்டிருந்தது.

உரிமையாளர் முழுவதையும் கவனமாகக் கேட்டார். "கட்டு எப்படி இருக்கிறதாம் மேடம்?" என்றார்.

விலை விவரம், நான் கொடுத்தபடி: கறுப்பு வெள்ளைப் பக்கம் இரண்டு ரூபாய், வண்ணப் பக்கம் பன்னிரண்டு, ராக்சின் கட்டு ஒரு பிரதிக்கு நானூறு, பொன்னெழுத்து அதில் அடக்கம். திருத்தங்களுக்குத் தனியாக வாங்குவதில்லை. செவ்வாய், புதன் காலை பத்து மணிக்குப் போங்கள். அக்கா இருப்பார், ஜெராக்ஸ் கூட்டம் சேர்ந்திருக்காது. பதிவு ஆணை, தலைப்பு ஒப்புதல், கருத்துத் திருட்டுச் சோதனைச் சான்று மூன்றின் நகலும் கையில் இருக்கட்டும். குழந்தையோடு போகிறவர்கள் தயங்க வேண்டாம், வீணான அச்சுப் பக்கங்களின் பின்புறத்தில் வரைய ஸ்கெட்ச் பேனா கொடுத்து உட்காரவைத்துவிடுவார்கள். வேலை கொடுத்ததும் வரிசை நோட்டைக் கேட்டு வாங்கி உங்கள் கையாலேயே பெயரை எழுதுங்கள். இல்லை என்றால் ஜெராக்ஸ் இயந்திரத்துக்கு அடியில் பார்க்கச் சொல்லுங்கள்.